நுனிமயிரும் ஈரமும்: ஐக்கிய அமெரிக்கக் கறுப்பின மக்களின் சிகை வரலாறு குறித்து ஒரு நோக்கு

தலைமயிரின் நுனி உலர்ந்துபோவது வரலாற்று ஆய்வுக்குரிய பொருளாகுமா என்னும் ஐயம் வாசகர் சிலருக்கு எழக்கூடும். அரசுரிமைப் போர்களையும் நிலவுடைமை மாற்றங்களையும் ஆராய்ந்து பழகிய எமக்கும் முதலில் அவ்வையம் எழுந்ததுண்டு. ஆயினும் உடலைப் பேணுதல் என்பது நேரம், கருவி, நீர், எண்ணெய் ஆகியவற்றை வேண்டி நிற்பது. இவை யாருக்குக் கிடைத்தன, யாருக்கு மறுக்கப்பட்டன என வினவத் தொடங்கியதும், அற்பமெனத் தோன்றிய பொருள் சமூக வரலாற்றின் மையத்துக்கே எம்மை இட்டுச் செல்கின்றது. ஐக்கிய அமெரிக்கக் கறுப்பின மக்களின் சிகை பற்றி எழுதியோர் பெரும்பாலும் அதனை அழகு, அடையாளம் ஆகிய நோக்குகளிலேயே அணுகியுள்ளனர். நேராக்கப்பட்ட கூந்தல் அடிமை மனப்பான்மையின் சின்னம், இயல்பான சுருள்மயிர் விடுதலையின் சின்னம் என்னும் எளிய சமன்பாடு முற்போக்கு வட்டங்களில் இன்றும் செல்வாக்குடன் விளங்குகின்றது. அதனை நாம் முற்றாக மறுக்கவில்லை. ஆனால் சின்னங்களுக்குக் கீழே ஒரு பௌதிக நிலைமை உண்டு. அது மயிரின் ஈரத்தைப் பற்றியது. அந்த ஈரத்தின் வரலாற்றையே ஈண்டுப் பின்தொடர முயல்கின்றோம்.

முதலில் மயிரின் தன்மையைச் சிறிது விளக்குதல் வேண்டும். தலைத்தோலிலுள்ள நெய்ச்சுரப்பிகள் சுரக்கும் நெய், நேரான மயிரில் இழை வழியே தடையின்றி இறங்கி நுனியை எட்டுகின்றது. சீப்பும் அதற்குத் துணை செய்கின்றது. எம்மவர் உச்சியில் எண்ணெயை வைத்து வாரிவிட்டால் போதும் என்று கருதுவது இதனாலேயே. நெருங்கிய சுருள்களையுடைய ஆபிரிக்க மயிரில் இது நிகழ்வதில்லை. ஒவ்வொரு சுருளிலும் நெய்யின் பயணம் தடைப்படுகின்றது. தலைத்தோல் எண்ணெய்ப் பசையுடன் இருக்க, நுனி வறண்டு கிடக்கின்றது. மேலும், இழை வளையுமிடங்களில் அதன் வெளிச் செதில்கள் சற்று எழும்பி நிற்பதால் உள்ளிருக்கும் ஈரம் எளிதில் வெளியேறுகின்றது. நுனிதான் இழையின் மிக முதிய பகுதி என்பதையும் மறத்தலாகாது. 2001ஆம் ஆண்டில் வெளியான அளவீடொன்றின்படி ஆபிரிக்க மயிர் நாளொன்றுக்குச் சராசரியாக 0.26 மில்லிமீற்றரும், ஐரோப்பிய மயிர் 0.40 மில்லிமீற்றரும் வளர்கின்றன. அவ்வாறாயின் 28 சென்ரிமீற்றர் நீளமுள்ள சுருள்மயிரின் நுனி ஏறத்தாழ மூன்று வயதுடையதாகும். மூன்றாண்டுகளின் வெயிலையும் உராய்வையும் சீப்பின் இழுப்பையும் தாங்கிய அந்நுனி நெய்யுமின்றி நீருமின்றி இருக்கும்போது முறிவது இயல்பே. தென்னாபிரிக்கத் தோல்மருத்துவ ஆய்வாளர் கும்மாலோவும் அவர்தம் சகபாடிகளும் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, இரசாயனம் எதுவும் படாத ஆபிரிக்க மயிரிலும் முறிந்த நுனிகளும் முடிச்சுகளும் மிகுதியாகக் காணப்படுவதை எடுத்துக்காட்டிற்று.

இதிலிருந்து பெறப்படும் உண்மை எளியது. ஆனால் அதன் வரலாற்று விளைவு பெரிது. சுருள்மயிர் வளராத மயிரன்று. வேரில் வளர்ந்துகொண்டே நுனியில் முறிவதால் வளராதது போலத் தோன்றும் மயிர் அது. நுனியை ஈரமாக வைத்திருத்தல் என்பது வளர்ந்ததை இழக்காது காத்தல். இவ்வேறுபாட்டைப் பிற்கால வணிகம் வசதியாக மறைத்துவிட்டது என்பதை மேலே காண்போம்.

ஆபிரிக்கச் சமூகங்கள் இதனை விஞ்ஞானச் சொற்களால் அல்லாது நடைமுறையால் அறிந்திருந்தன. சகாராவுக்குத் தெற்கே, மேற்கிலிருந்து கிழக்காக நீண்டு செல்லும் புல்வெளி வலயத்தில் விளையும் ஷியா மரத்தின் கொட்டையிலிருந்து பெண்கள் வெண்ணெய் போன்றதொரு கொழுப்பை எடுத்துவருகின்றனர். 14ஆம் நூற்றாண்டில் மாலி நாட்டுக்குச் சென்ற இபின் பதூதா இக்கொழுப்பின் பல்வேறு பயன்களைக் குறிப்பிட்டுள்ளார். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் அவ்வழியே பயணம் செய்த ஸ்கொட்லாந்தியரான முங்கோ பார்க்கும் இதனை விவரித்துள்ளார். உணவாகவும் விளக்கெண்ணெயாகவும் பயன்பட்ட அதே கொழுப்பு தோலுக்கும் தலைமயிருக்கும் பூசப்பட்டது. யொரூபா மக்களிடையே நூலைச் சுற்றி மயிரைக் கட்டும் முறையொன்று உண்டு. நூலுக்குள் இழை மடக்கப்படுவதால் நுனி காற்றுக்கும் உராய்வுக்கும் இலக்காவதில்லை. சாட் நாட்டின் பசாரா இனப் பெண்களின் வழக்கம் இவையனைத்திலும் எமது பொருளுக்கு மிக நெருக்கமானது. செபே எனப்படும் பொடியைக் கொழுப்பிலும் எண்ணெயிலும் குழைத்து, தலைத்தோலைத் தவிர்த்து, இழையின் நீளத்திலும் நுனியிலும் மட்டுமே பூசிப் பின்னிவிடுகின்றனர். வேருக்கு மருந்து தேடாது நுனியைக் காக்கும் இவ்வழக்கத்தில் நாம் மேலே கூறிய உண்மை முழுவதும் அடங்கியிருக்கின்றது. இப்பெண்களின் பின்னல்கள் இடைக்கும் கீழே இறங்குவதுண்டு.

இவ்வாறான பேணல் தனியொருத்தியால் ஆற்றத்தக்கதன்று. ஒருத்தியின் தலையை இன்னொருத்தி மணிக்கணக்காக மடியில் வைத்துப் பின்னுதல் வேண்டும். அதாவது ஓய்வு நேரமும் உறவும் அதற்கு முன்நிபந்தனைகளாம். அடிமை முறை பறித்தது முதலாவதாக இவ்விரண்டையுமே.

அத்திலாந்திக் கடலைக் கடந்து கொண்டுசெல்லப்பட்டோரின் தலைகள் பல சந்தர்ப்பங்களில் கப்பலேறுமுன் மழிக்கப்பட்டன. சுகாதாரம் என்பது காரணமாகக் கூறப்பட்டாலும், எக்குலத்தவர் எவ்வூரார் என்பதை உணர்த்தி நின்ற அடையாளம் அதனோடு அகன்றது. புதிய நிலத்தில் ஷியாவும் இல்லை, அகன்ற பல்லுடைய ஆபிரிக்கச் சீப்பும் இல்லை. சான் டியேகோ நகரில் சிகையலங்காரத் தொழில் புரிந்தவரும் சுருள்மயிருக்குரிய சீப்பினைப் பரப்பியவருமான வில்லி மொரோ 1973இல் வெளியிட்ட நூலுக்குச் ‘சீப்பில்லாத நானூறு ஆண்டுகள்’ எனப் பொருள்படும் தலைப்பை இட்டார். தலைப்பில் மிகைக்கூற்று இல்லாமலில்லை. எனினும் கருவி இழந்த ஒரு மக்கட் கூட்டத்தின் நிலையை அது சுருங்கக் கூறிவிடுகின்றது.

1936 முதல் 1938 வரை, கூட்டாட்சி அரசின் எழுத்தாளர் திட்டத்தின் கீழ், முன்னாள் அடிமைகள் 2,000 பேருக்கு மேற்பட்டோரின் வாய்மொழிகள் பதிவுசெய்யப்பட்டன. முதியோரின் நினைவு என்ற வகையிலும், பதிவு செய்தோருட் பெரும்பாலார் வெள்ளையர் என்ற வகையிலும் அவற்றை எச்சரிக்கையுடனேயே பயன்படுத்துதல் வேண்டும். ஆனால் தலைமயிர் பற்றிய செய்திகளில் பொய்யுரைக்க எவருக்கும் அவ்வளவு தேவை இருந்ததாகத் தெரியவில்லை. ஆட்டு மயிரைச் சிக்கெடுக்கும் கம்பிப் பலகையால் தலைவாரியமையும், வாரநாள்களில் பருத்தி நூலாலோ துணிக் கீற்றாலோ மயிரைச் சுற்றிக் கட்டித் துணியால் மூடி வைத்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குச் செல்லும்போது அவிழ்த்தமையும் அவற்றால் அறியப்படுகின்றன. ஷியாவின் இடத்தைப் பன்றிக் கொழுப்பும் வாத்துக் கொழுப்பும் வெண்ணெயும் நிரப்பின. பேன் தொல்லைக்கு மண்ணெண்ணெயும் பயன்பட்டது. கைக்கெட்டியது எதுவோ அது பூசப்பட்டது. இங்கு நாம் காண வேண்டியது கொழுப்பின் தரத்தையன்று. நூலைச் சுற்றும் யொரூபா வழக்கத்தை ஒத்தவொன்று, வாரத்துக்கு ஒருநாள் மட்டுமே தமக்குரியதாயிருந்த மக்களிடையே, பருத்தி வயலின் நூலைக்கொண்டு உயிர்வாழ்ந்தது என்பதே கருதத்தக்கது.

அடிமைகளின் மயிர் வளரவே இல்லை என்பதற்கும் சான்றில்லை. தப்பியோடிய அடிமைகளைப் பிடித்துத் தருமாறு 18ஆம் நூற்றாண்டுப் பத்திரிகைகளில் உடைமையாளர் வெளியிட்ட விளம்பரங்களை ஆராய்ந்த அவுஸ்திரேலிய வரலாற்றாசிரியர்களான ஷேன் வைற், கிரஹாம் வைற் ஆகியோர், நீண்டு வளர்ந்த மயிர், உயர்த்தி வாரிய மயிர், பின்னிய மயிர் எனப் பல்வேறு வருணனைகள் அவற்றில் இடம்பெறுவதைக் காட்டியுள்ளனர். ஓடியவனைப் பிடிப்பதற்காக எழுதப்பட்ட விளம்பரம் அவனது சிகையின் சிறப்புக்குச் சான்றாக எஞ்சியிருப்பது வரலாற்றின் முரண்களுள் ஒன்று.

சிகையின் கவர்ச்சி ஆட்சியாளரை அஞ்சவும் வைத்தது. ஸ்பானிய ஆட்சியின் கீழிருந்த லூசியானாவில் ஆளுநர் எஸ்தபான் மீரோ 1786இல் பிறப்பித்த ஆணை, சுதந்திரம் பெற்ற கறுப்பின, கலப்பினப் பெண்கள் தம் மயிரைத் துணியால் மூடிக் கட்ட வேண்டும் என விதித்தது. வெள்ளையினப் பெண்களோடு அவர்கள் அழகிற் போட்டியிடலாகாது என்பதே நோக்கம். நியூ ஓர்லியன்ஸ் பெண்களோ பல வண்ணத் துணிகளைக் கொய்து கட்டி அவ்வாணையையே அலங்காரமாக்கிக்கொண்டனர்.

1865இல் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது. ஆனால் சட்டம் நீர்க்குழாயைக் கொண்டுவரவில்லை. தென்மாநிலங்களின் குத்தகைக் குடிசைகளிலும் நகர்ப்புறச் சேரிகளிலும் வாழ்ந்த பெண்களுக்குத் தலைகழுவுதல் அரிதான நிகழ்ச்சியாகவே இருந்தது. கறுப்பினப் பெண்கள் மிகுதியாக ஈடுபட்ட தொழில்களுள் சலவைத் தொழிலும் ஒன்று. நாள் முழுவதும் பிறர் ஆடைகளுக்காக நீரிற் கையை வைத்திருந்தவர்களின் தலைக்கு நீர் கிடைக்கவில்லை. சாரா பிரீட்லவ் அவர்களுள் ஒருவர். 1867இல் லூசியானாவின் டெல்ரா என்னுமிடத்தில், முன்னர் அடிமைகளாயிருந்த பெற்றோருக்குப் பிறந்து, இளமையிலேயே தாய் தந்தையரை இழந்து, பின்னர் கைம்பெண்ணாகி, சென் லூயிஸ் நகரிற் சலவைக்காரியாகப் பல்லாண்டு உழைத்தவர். அவரது மயிர் உதிரலாயிற்று. அந்நகரில் அனி ரேண்போ மலோன் என்னும் கறுப்பினப் பெண்மணி தயாரித்த மருந்தை முதலில் விற்றுவந்த அவர், 1905இல் டென்வருக்குச் சென்று, 1906 முதல் மடம் சி. ஜே. வோக்கர் என்ற பெயரில் சொந்த வணிகத்தை நிறுவினார். கந்தகமும் வசலீனும் முக்கிய சேர்மானங்களாயமைந்த அவரது களிம்பு மயிரை வளர்ப்பது என்று பெயரிட்டு விற்கப்பட்டது.

‘வளர்ப்பது’ என்ற அப்பெயரில் சற்று நிற்போம். வோக்கரின் முறையில் பயன் விளைந்தது உண்மை. அடிக்கடி தலைகழுவுமாறு அவர் வலியுறுத்தினார். கந்தகம் தலைத்தோலின் நோயைத் தணித்தது. வசலீன் இழையில் படிந்து ஈரம் வெளியேறாது தடுத்தது. வசலீன் ஈரத்தை அளிப்பதன்று, உள்ள ஈரத்தை அடைத்து வைப்பது மட்டுமே. கழுவிய மயிரில் பூசியதாலேயே அது பயன்பட்டது. ஆக, நீரும் காப்பும் சேர்ந்து விளைவித்த பயன் ஒரு தகரப் பேணியின் பெயரில் எழுதப்பட்டது. அக்காலத்துப் போட்டி வணிகர் பலரும் இதே சொல்லைத் தம் பொருளுக்குச் சூட்டினர். இச்சொல், இம்மயிர் தானாக வளராதது என்ற பழிச்சொல்லை மறுப்பதற்குப் பதிலாக அதனை மூலதனமாக்கிக்கொண்டது என்பது எமது கருத்து.

எனினும் வோக்கரை வெறும் சுரண்டல் முதலாளியாகக் காண்போருடன் நாம் உடன்படவில்லை. தாம் மயிரை நேராக்குவதாகப் பிறர் கூறுவதை அவரே மறுத்து வந்தார். பேணலே தமது தொழில் என்றார். 1912இல் தேசிய நீக்ரோ வணிகச் சங்கத்தின் சிக்காகோ மாநாட்டில், புக்கர் ரி. வாஷிங்டன் அவருக்குப் பேச இடமளிக்காதபோது, தாமாகவே எழுந்து நின்று தம் வரலாற்றைக் கூறினார். 1917இல் பிலடெல்பியாவில் அவரது முகவர்கள் கூடிய மாநாடு, கிழக்கு சென் லூயிஸ் படுகொலைகளைக் கண்டித்து சனாதிபதி வில்சனுக்குத் தந்தியனுப்பியது. வீட்டு வேலையும் சலவையும் தவிர வேறு வழியறியாதிருந்த ஆயிரக்கணக்கான பெண்களுக்கு இத்தொழில் சொந்த வருவாயைத் தந்தது. 1918இல் மலோன் சென் லூயிஸில் எழுப்பிய போரோ கல்லூரி, பயிற்சிக்கூடமாக மட்டுமன்றி, வேறெங்கும் அனுமதிக்கப்படாத கறுப்பின மக்களின் கூட்ட மண்டபமாகவும் விளங்கியது. நுனிமயிரின் வறட்சி இவ்வாறு ஒரு வர்க்க உருவாக்கத்துக்கே காரணமாயிற்று.

முரண்பாடு எழுந்தது சூட்டுச் சீப்பு பரவியபோது. அடுப்பிற் காய்ச்சிய உலோகச் சீப்பைக் களிம்பு பூசிய மயிரில் இழுத்தால் சுருள் நேராகின்றது. சூட்டினால் மயிரின் ஐதரசன் பிணைப்புகள் தளர்ந்து, ஆறும்போது புதிய நிலையில் மீண்டும் அமைவதே இதன் விளக்கம். ஆனால் அதே பிணைப்புகளை நீரும் தளர்த்தும். ஒரு சிறு தூறலில், ஒரு மணிநேர வியர்வையில், மயிர் பழைய சுருளுக்குத் திரும்பிவிடும். சனிக்கிழமை மாலை சமையலறையில் கால்மணி அரைமணியாக அமர்ந்து சூடும் புகையும் தாங்கி நேராக்கிய சிறுமி, பின்னர் மழைக்கும் நீச்சற் குளத்துக்கும் ஓட்டப் பந்தயத்துக்கும் அஞ்ச வேண்டியவளானாள். நேராக அடங்க மறுக்கும் பிடரி மயிரைக் கறுப்பின மக்கள் தம் பேச்சில் ‘சமையலறை’ என்றே அழைப்பதுண்டு. நீரின்மையே நோயாயிருந்த மயிருக்கு நீரே பகையாகிவிட்டது. எமது கருத்தில், நேராக்கலின் ஆழ்ந்த தீங்கு வெள்ளையரைப் போன்று தோன்ற முயன்றதில் மட்டும் தங்கியிருக்கவில்லை. ஈரத்தை வேண்டிய மயிருக்கு ஈரத்தைத் தடைசெய்ததிலும் தங்கியிருந்தது. சூடு உள்ளிருந்த ஈரத்தையும் போக்கியதால் நுனி மேலும் முறிந்தது. முறிந்த நுனிக்கு மேலும் களிம்பு வாங்கப்பட்டது. சந்தைக்கு இதைவிட வாய்ப்பான சுழற்சி வேறு வேண்டியதில்லை.

இரசாயன நேராக்கல் இச்சிக்கலைத் தீர்ப்பதாக வந்தது. சோடியம் ஐதரொட்சைட்டு மயிரின் இருசல்பைட்டுப் பிணைப்புகளையே உடைத்துவிடுவதால் நீர் பட்டாலும் சுருள் திரும்புவதில்லை. கிழங்கும் முட்டையும் கலந்து வீட்டிலேயே தயாரித்த அவ்வெரிகலவை தம் தலையைச் சுட்டதை மல்கம் எக்ஸ் 1965இல் வெளியான தன்வரலாற்றில் விவரித்திருப்பது வாசகர் அறிந்ததே. 1954இல் சிக்காகோவில் தொடங்கப்பட்ட ஜோன்சன் நிறுவனம் இதனைத் தொழிற்சாலைப் பொருளாக்கியது; 1971இல் அமெரிக்கப் பங்குச் சந்தையில் இடம்பெற்ற முதலாவது கறுப்பின உடைமை நிறுவனமும் அதுவே. நீர் மீதான அச்சம் தணிந்தது. ஆனால் பிணைப்பிழந்த இழை முன்னினும் வலுவற்றது. தலைத்தோற் புண்ணும் நுனி முறிவும் தொடர்ந்தன.

1960களின் நடுப்பகுதியிற் குடியுரிமை இயக்கத்தின் இளைஞரிடையே இயல்பான சிகை ஓர் அரசியற் பிரகடனமாயிற்று. 1966இல் ஹவார்ட் பல்கலைக்கழக மாணவர் நேராக்காத மயிருடன் போட்டியிட்ட மாணவியைத் தம் விழா அரசியாகத் தெரிவுசெய்தமை இம்மாற்றத்தின் அடையாளங்களுள் ஒன்று. அஞ்சலா டேவிசின் உருவப்படம் உலகெங்கும் பரவியது. இதன் முற்போக்குத் தன்மையை எவரும் மறுக்கவியலாது. ஆயினும் ஒன்றை இங்குக் கூறாதிருத்தல் நேர்மையாகாது. சின்னத்தை மீட்ட இயக்கம் பேணலறிவை மீட்கவில்லை. இரு தலைமுறைகளாகச் சூட்டுச் சீப்பையே அறிந்த தாய்மார், இயல்பான மயிரை எவ்வாறு வைத்திருப்பது என்று மகளுக்குச் சொல்லத்தக்க நிலையில் இல்லை. பெரிய உருண்டை வடிவத்துக்காக உலர்ந்த மயிரை நாடோறும் உயர்த்தி வாரியமை நுனிக்கு நன்மை செய்யவில்லை. நேராக்கிய பெண்ணை விடுதலையுணர்வற்றவள் எனச் சாடியோர், அவளது தலைக்குத் தேவையான நீரையும் நேரத்தையும் பற்றி அதிகம் பேசியதாகத் தெரியவில்லை. சாடியோருட் குறுகக் கத்தரித்த ஆடவர் பலர். இப்பண்பு அமெரிக்காவுக்கு மட்டும் உரியதன்று. ஜோன்சன் நிறுவனமோ காலமறிந்து, இயல்பான சிகைக்கென ஒரு மினுக்குத் தைலத்தையும் விற்றது.

விந்தையாக, ஈரத்தை மீண்டும் மையத்துக்குக் கொண்டுவந்தது அரசியல் அன்று, மற்றோர் இரசாயனமே. 1970களின் இறுதியில் பரவிய ஜெரி சுருள் என்னும் முறை, இறுகிய சுருளைத் தளர்ந்த அலையாக மாற்றியது. அவ்வலை நிலைக்க வேண்டுமாயின் கிளிசரின் கலந்த நீர்மத்தை நாடோறும் தெளித்தல் வேண்டும். இரவில் பிளாஸ்ரிக் உறையால் தலையை மூடிப் படுத்தல் வேண்டும். கிளிசரின் காற்றிலுள்ள நீரைத் தன்பால் ஈர்ப்பது. இரசாயனத்தால் நொந்த மயிர், இத்தெளிப்பின் காரணமாகச் சிலருக்கு நீண்டும் வளர்ந்தது. தலையணையும் சாய்மனையும் எண்ணெய்க் கறையாயின. 1988இல் வெளியான ஒரு நகைச்சுவைத் திரைப்படத்தில் சாய்மனையிற் பதிந்த மூன்று தலைக்கறைகளைக் கண்டு அமெரிக்கரெல்லாம் சிரித்தனர். சிரிப்புக்குரிய அக்கறைகள் ஓர் உண்மையைப் பதித்துவிட்டன: நீர் கிடைத்தால் இம்மயிர் முறியாது நிற்கும்.

இதே காலத்தில் பின்னல்களும் மீண்டன. நுனியைக் காக்கும் வழிகளுள் பழைமையானது பின்னல். நுனி உள்ளே மடங்கி அசைவின்றி இருப்பதால் வாரக்கணக்கில் உராய்வு தவிர்க்கப்படுகின்றது. ஆனால் நீதிமன்றம் அதனை அவ்வாறு நோக்கவில்லை. விமான நிறுவனமொன்றின் ஊழியரான கறுப்பினப் பெண் தொடுத்த வழக்கில், 1981இல் நியூயோர்க் கூட்டாட்சி நீதிமன்றம், பின்னல் இயற்கையான பண்பன்று, விரும்பி மேற்கொள்ளும் செயற்கை அலங்காரம், எனவே நிறுவனம் அதனைத் தடைசெய்யலாம் எனத் தீர்ப்பளித்தது. 1979ஆம் ஆண்டுத் திரைப்படமொன்றில் வெள்ளையின நடிகை ஒருவர் பின்னலுடன் தோன்றிய பின்னரே வழக்காளி அதனைப் பின்பற்றினார் என்ற நிறுவனத்தின் வாதமும் தீர்ப்பில் இடம்பெற்றது. மயிர் இயற்கை, அதனைக் காக்கும் முறை செயற்கை என்னும் இப்பிரிப்பு, பட்டினி கிடக்கும் உரிமை இயற்கை, உண்ணும் உரிமை செயற்கை என்பதை ஒத்தது. 2016இல் சடைமயிர் தொடர்பான வழக்கொன்றிலும் கூட்டாட்சி மேன்முறையீட்டு நீதிமன்றம் இதே தர்க்கத்தைத் தொடர்ந்தது. 2014இல் அமெரிக்க இராணுவம் திரித்த பின்னல்களைத் தடைசெய்து, எதிர்ப்பெழுந்ததும் அவ்வாண்டிலேயே விதிகளைத் தளர்த்தியது.

2019இல் கலிபோர்னியா மாநிலம், இனத்தோடு தொடர்புற்ற மயிரின் தன்மையையும் பின்னல், சடை முதலிய காப்புச் சிகைகளையும் காரணமாகக் கொண்டு வேலையிலும் பாடசாலையிலும் பாகுபாடு காட்டுவதைத் தடைசெய்து சட்டமியற்றியது. அச்சட்டத்தின் சுருக்கப் பெயர் மணிமுடியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லாகும். தமிழில் முடி என்னும் ஒரே சொல் அரசன் சூடுவதையும் ஆள் வளர்ப்பதையும் குறிப்பதால், அவர்கள் முயன்று அமைத்த சிலேடை எமக்கு இயல்பாகவே வாய்த்திருக்கின்றது. 20க்கு மேற்பட்ட மாநிலங்கள் பின்னர் இதனைப் பின்பற்றின. ‘காப்புச் சிகை’ என்ற கருத்து சட்ட வாசகத்தில் ஏறியமையே இங்கு எமக்கு முக்கியமானது. 1981இல் நீதிமன்றம் காண மறுத்ததை, சட்டமன்றம் சொல்லளவிலேனும் ஏற்றுக்கொண்டது.

இச்சட்டத்தின் பின்னணியில், 2000ஆம் ஆண்டுக்குப் பின் மீண்டும் எழுந்த இயல்புச் சிகை இயக்கம் இருந்தது. 1960களின் இயக்கத்திலிருந்து இது வேறுபடுமிடம் பேணலறிவே. பெண்கள் தம்முள் கற்றும் கற்பித்தும் வகுத்துக்கொண்ட முறை சுருக்கமானது: முதலில் நீர், பின்னர் எண்ணெய், அதன்மேல் தடித்த குழம்பு அல்லது ஷியா வெண்ணெய். நீர் ஈரத்தைத் தருகின்றது. ஏனையவை அதனை அடைத்து வைக்கின்றன. நுனிக்கு இருமடங்கு பூசி, இரண்டிரண்டு இழைக்கற்றைகளாகத் திரித்து, நுனியை உள்ளே மடித்து, பருத்தி ஈரத்தை உறிஞ்சுமாதலால் பட்டுப் போன்ற வழுவழுப்பான துணியால் மூடி உறங்குகின்றனர். பிளந்த நுனியை எவ்வெண்ணெயும் ஒட்டாது. அது கத்தரிக்கப்பட வேண்டியதே. எண்ணெய்களுக்குள்ளும் வேறுபாடு உண்டு. மும்பையில் ரெலே, மோஹிலே ஆகிய இருவர் 2003இல் வெளியிட்ட ஆய்வு, தேங்காயெண்ணெய் இழையின் உள்ளே ஊடுருவிப் புரத இழப்பைக் குறைப்பதையும், கனிய எண்ணெயும் சூரியகாந்தி எண்ணெயும் அவ்வாறு செய்யாமையையும் காட்டியது. எம் பாட்டிமாரின் நம்பிக்கைக்கு ஆய்வுகூடச் சான்று கிடைத்தது மகிழ்ச்சியே. ஆனால் எண்ணெய் நீராகாது. வறண்ட சுருள்மயிரில் எண்ணெயை மட்டும் பூசுவது வெறும் பானையை மூடி வைப்பதை ஒக்கும்.

நேராக்கும் இரசாயனம் பற்றிய ஐயங்களும் வலுத்துள்ளன. 33,000க்கு மேற்பட்ட பெண்களைப் பல்லாண்டு பின்தொடர்ந்த அமெரிக்க ஆய்வொன்று 2022இல் வெளியிட்ட முடிவின்படி, இத்தகைய பொருள்களை ஆண்டில் நான்கு தடவைகளுக்கு மேல் பயன்படுத்தியோருக்கு 70 வயதுக்குள் கருப்பைப் புற்றுநோய் ஏற்படும் வாய்ப்பு 4.05 வீதம், பயன்படுத்தாதோருக்கு 1.64 வீதம். தொடர்பு காணப்பட்டதேயன்றிக் காரணம் நிறுவப்படவில்லை என்பதையும் சேர்த்தே கூற வேண்டும்.

புதிய இயக்கத்தையும் சந்தை விட்டுவைக்கவில்லை. ஒரு காலத்தில் சாட் நாட்டுப் பெண்கள் தம் முற்றத்தில் இடித்த செபே இன்று அழகிய சிமிழ்களில் அத்திலாந்திக்கின் மறுகரையில் விற்பனையாகின்றது. அதன்மேல் ‘வளர்ப்பது’ என்ற அதே பழைய சொல் பொறிக்கப்பட்டிருப்பதையும் காண்கின்றோம். ஷியாக் கொட்டை பொறுக்கும் மேற்கு ஆபிரிக்கப் பெண்ணின் கூலிக்கும் அச்சிமிழின் விலைக்கும் இடையேயுள்ள தூரம் தனியாக ஆராயத்தக்கது.

நேரத்தின் கேள்வியும் தீரவில்லை. கழுவி, சிக்கெடுத்து, நீரும் எண்ணெயும் குழம்பும் பூசி, கற்றை கற்றையாகத் திரித்து முடிக்க அரைநாளேனும் செல்கின்றது. கறுப்பினப் பெண்கள் அதற்கென ஒரு நாளையே ஒதுக்கிக் ‘கழுவும் நாள்’ எனப் பெயரிட்டுள்ளனர். இரு வேலை பார்க்கும் தாய்க்கு அந்நாள் எளிதில் வாய்ப்பதில்லை. மகளின் தலைக்கு ஒதுக்கினால் தன் தலைக்கு மிஞ்சுவதில்லை. பலருக்கு அது இன்றும் ஞாயிற்றுக்கிழமையாகவே இருக்கின்றது.